உப்புநீர் மீன் குவாரண்டைன்: காப்பர் ஊற்றும் முன் எந்த ஒட்டுண்ணி என்று பாருங்கள்

புதிதாக வாங்கின டாங் (ஒரு கடல் மீன்) மேல் நாலு வெள்ளைப் புள்ளி தெரிந்ததுமே காப்பர் (செம்பு கலந்த மருந்து) பாட்டிலைத் தேடுகிறவர்கள்தான் அதிகம். காப்பர் நல்ல மருந்துதான், ஆனால் எல்லா ஒட்டுண்ணியும் அதற்கு மசியாது, மசிகிறவையும் அளவு பிசகினால் தப்பித்துக்கொள்ளும்.

முதலில் குவாரண்டைன் தொட்டி, அதாவது புது மீனையும் நோய் மீனையும் தனியாக வைக்கும் தொட்டி. சின்ன மீன்களுக்கு 60–80 லிட்டர் போதும், ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், ஹீட்டர், ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், அவ்வளவுதான். மணல், பாறை வேண்டாம், காப்பரை உறிஞ்சிவிடும். ஸ்பாஞ்சை சில வாரம் முன்பே மெயின் டேங்க் சம்ப்பில் (ஃபில்டர் வைக்கும் துணைத் தொட்டி) போட்டு பாக்டீரியா பிடிக்க விடுங்கள், ஏனென்றால் குவாரண்டைனில் பல சமயம் மீனைக் கொல்வது நோய் இல்லை, அமோனியா. அது ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள், மாற்றும் தண்ணீரிலும் அதே அளவு காப்பர் கலந்திருக்க வேண்டும். காப்பர் இருக்கும் தொட்டியில் அமோனியா போக்கும் கண்டிஷனரை ஊற்றவே கூடாது, மீனுக்கு விஷமாகிவிடும்.

இப்போது இக் என்கிற வெள்ளைப் புள்ளி ஒட்டுண்ணி. உப்புக்கல் மாதிரி தனித்தனிப் புள்ளிகள், மூன்று முதல் ஏழு நாளில் தானாகவே உதிர்ந்துவிடும், நாமும் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் அது தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பெருகி மறுபடி நீந்தி வரும். மீன் மேல் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் காப்பர் தொடாது, நீந்தி வரும் குஞ்சுகளை மட்டும்தான் கொல்லும். அதனால்தான் 30 நாள். காப்பர் பவர் போன்ற கீலேட்டட் (வேறொரு பொருளோடு பிணைத்த காப்பர்) வகை என்றால் 2.25 முதல் 2.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), குப்ரமைன் என்கிற காப்பர் மருந்து என்றால் 0.5. இரண்டையும் கலக்காதீர்கள். மூன்று நாலு நாளில் மெதுவாக ஏற்றி, தினமும் டெஸ்ட் பண்ணுங்கள், நடுவில் ஒருநாள் அளவு இறங்கினாலும் கணக்கு முதலிலிருந்துதான். நிறம் பார்த்து ஊகிக்கிற கிட்டை விட டிஜிட்டல் செக்கர் வாங்குவதே மேல்.

வெல்வெட் என்கிற ஒட்டுண்ணி வேறு ரகம். புள்ளி அல்ல, மெல்லிய மாவு தூவினது போல இருக்கும், பக்கவாட்டில் டார்ச் அடித்தால்தான் தெரியும். மூச்சு வேகமாக வாங்கும், வெளிச்சத்தைத் தவிர்க்கும், பம்ப் தள்ளும் நீரோட்டத்தில் போய் நிற்கும். இரண்டே நாளில் மீன் போய்விடலாம், அதனால் காத்திருக்க நேரமில்லை. மருந்து அதே காப்பர்தான், அல்லது குளோரோகுயின் பாஸ்பேட். உப்பைக் குறைத்து வைக்கிற வைத்தியம் இக்குக்குக் கேட்கும், இதற்குக் கேட்காது.

கிளவுன் மீன் உடம்பில் சளி திரண்டு தோல் உரிகிறதா? அது புரூக் (புரூக்லினெல்லா) என்கிற ஒட்டுண்ணி. இங்கே காப்பரை நம்பினால் மீன் கைவிட்டுப் போகும். ஃபார்மலின் குளியல்தான் வழி, தனி வாளியில், பலமாக ஏர் விட்டு, பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி, குளியல் முடிந்ததும் வேறு சுத்தமான தொட்டிக்கு. கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடியில் வெள்ளையாக மண்டி படிந்த ஃபார்மலினைத் தூக்கி எறியுங்கள்.

மீன் தலையை உதறி, எதிலாவது உரசிக்கொண்டே இருந்தால் ஃப்ளூக்காக (தட்டைப்புழு ஒட்டுண்ணி) இருக்கும். வெப்பமும் பிஹெச்சும் சரிசெய்த நன்னீரில் ஐந்து நிமிடம் விட்டால், வெளுத்துப்போன செதில் போல உதிர்வது கண்ணுக்கே தெரியும். அப்புறம் பிராசிகுவாண்டல் என்கிற புழு மருந்து, லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். முட்டை இதில் சாகாது என்பதால் ஐந்து முதல் ஏழு நாள் கழித்து இன்னொரு டோஸ். மருந்து போட்ட பிறகு ஆக்ஸிஜன் இறங்கலாம், ஏர் பம்பை நிறுத்தாதீர்கள்.

வலை, வாளி எல்லாம் இந்தத் தொட்டிக்கென்று தனியாக இருக்கட்டும். மெயின் டேங்கிலேயே நோய் வந்திருந்தால் மீன் அத்தனையையும் வெளியே எடுத்து, 76 நாள் மீனே இல்லாமல் ஓட விடுவதுதான் பொழுதுபோக்காளர்கள் பின்பற்றும் கணக்கு. பவளமும் இறாலும் அங்கேயே இருக்கலாம், காப்பர் மட்டும் அந்தப் பக்கம் போகக் கூடாது.