அமெரிக்க அதிபர் தேர்தல்: தேர்வாளர் குழுவா, நேரடி வாக்கா என்ற விவாதத்தை நடத்துவது எப்படி?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதி வாசகசாலைகளில் இந்த விவாதத்தை நடத்த விரும்புவோர், கட்சியை விட்டுவிட்டுக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் நம் குடியரசுத் தலைவர் தேர்தலைக் கரும்பலகையில் எழுதுங்கள். 1971ஆம் ஆண்டின் மாநில மக்கள்தொகையைச் சட்டமன்ற உறுப்பினர்களின் எண்ணிக்கையாலும், பின்னர் ஆயிரத்தாலும் வகுத்தால், சித்தூர் உறுப்பினரின் வாக்கு மதிப்பு 152 என்றும், கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு அப்பால் பொள்ளாச்சி உறுப்பினரின் மதிப்பு 176 என்றும் வரும். ஆயினும் கேரளத்தின் 140 உறுப்பினர்களும் ஒரே வேட்பாளருக்கு வாக்களிக்க வேண்டும் என்ற விதி இல்லை. இது சபைக்குத் தெளிவாகும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

அமெரிக்காவில் மக்கள் வாக்கால் மாநிலவாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அதிபரை முறைப்படி தேர்வுசெய்யும் தேர்வாளர்கள் 538 பேர். வெற்றிக்கு 270 பேர் வேண்டும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர்த்த மற்ற மாநிலங்களில் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே அம்மாநிலத் தேர்வாளர்கள் அனைவரும் கிடைத்துவிடுகிறார்கள். 2020இல் டிரம்புக்கு வேறெந்த மாநிலத்தையும்விடக் கலிபோர்னியாவில்தான் அதிக வாக்குகள், ஏறத்தாழ 60 லட்சம், விழுந்தன. அவற்றால் ஒரு தேர்வாளர்கூட வரவில்லை. டெக்சாசில் பைடன் பெற்ற 52 லட்சத்துக்கும் அதே கதிதான். மாநிலத்துக்குள் மொழிச் சிறுபான்மையாக வாழும் நமக்கு இந்த இழப்பு எளிதில் புரியும். நாடு முழுவதும் அதிக வாக்கு பெற்றவரே அதிபராகும் நேரடி வாக்கை நான் ஆதரிப்பதற்கும் இதுவே முதற்காரணம். 2000இலும் 2016இலும் நாடு முழுவதும் குறைந்த வாக்கு பெற்றவரே அதிபரானார் என்பதை இதன் பிறகு சொன்னால் போதும்.

எதிர்த்தரப்புக்கு நன்றாகப் பேசக்கூடியவரை நிறுத்துங்கள். 2000இல் புளோரிடாவின் 537 வாக்கு வித்தியாசத்துக்கே வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றதென்றால், நாடு முழுவதும் மறுஎண்ணிக்கை வந்தால் என்னவாகும் என்பது நியாயமான கேள்வி. அதே தேர்தலில் நாடு தழுவிய வித்தியாசம் ஐந்து லட்சத்தைத் தாண்டியதால், நேரடி வாக்கில் அந்தச் சிக்கலே எழுந்திருக்காது என்பது என் மறுமொழி. தேர்வாளர் குழு சிறிய மாநிலங்களைக் காக்கிறது என்றும் எதிர்த்தரப்பு சொல்லலாம்; அந்தப் பாதுகாப்புக்கு, மாநிலத்துக்கு இருவர் வீதம் அமரும் செனட் என்னும் மேலவை இருக்கிறது.

கடைசியாக வழிமுறையைப் பேசுங்கள். நேரடி வாக்குக்காக அரசியலமைப்பைத் திருத்த 50 மாநிலங்களில் 38 இசைய வேண்டும். நாடு முழுவதும் அதிக வாக்கு பெற்றவருக்கே தங்கள் தேர்வாளர்களை அளிப்பதாகச் சில மாநிலங்கள் செய்துள்ள ஒப்பந்தமோ, சேரும் மாநிலங்களின் தேர்வாளர் பலம் 270ஐ எட்டினால் நடைமுறைக்கு வரும். இவ்விரண்டில் எது முறையானது என்பதையே சபையின் வாக்கெடுப்புக்கு விடுங்கள்.