மாட்டு மடியை ஸ்கேன் செய்வது: புதியவர்களுக்கு

சினை பார்க்க வைத்திருக்கும் ஸ்கேன் கருவியே மடிக்கும் போதும். 5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ் லீனியர் ப்ரோப் (உடலில் வைத்துப் பார்க்கும் நேரான முனையுள்ள கைக்கருவி) இருந்தால் வேலை நடக்கும்.

ஆனால் வெளியே தெரியாத மடிநோயைப் பிடிக்க ஸ்கேனை நம்பாதீர்கள். அதற்கு மலிவான சி.எம்.டி. (கலிபோர்னியா மடிநோய்ச் சோதனை, பாலில் கரைசலைக் கலந்து பார்ப்பது) இருக்கிறது. பாலில் உடல் செல்கள் (சோமாட்டிக் செல்கள், பெரும்பாலும் வெள்ளையணுக்கள்) மில்லிலிட்டருக்கு 2 லட்சத்தைத் தாண்டினாலும் சந்தேகப்படலாம். நோய் எந்த மடிப்பகுதியில் என்று தெரிந்த பிறகு, உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று பார்க்கத்தான் ஸ்கேன்.

பால் கறப்பதற்கு முன் தொடங்குங்கள். காம்புக்குள் பால் நிறைந்திருந்தால் திரையில் அந்த இடம் கறுப்பாக, தெளிவாகத் தெரியும். கறந்துவிட்டால் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். மாட்டைக் கட்டி, மடியைக் கழுவித் துடையுங்கள். வலியுள்ள மடி என்றால் உதை நிச்சயம், பக்கவாட்டில் நில்லுங்கள். கிருமிப் பரிசோதனைக்குப் பால் மாதிரி வேண்டுமென்றால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

அடுத்து, மெல்லிய பிளாஸ்டிக் டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் காம்பை அதில் முக்குங்கள். டம்ளரின் வெளிப்புறம் ஜெல் தடவி, ப்ரோப்பை நெடுக்காக வையுங்கள். காம்பின் மேலேயே அழுத்தினால் அது நசுங்கிப் படமும் பொய் சொல்லும். மேலே உள்ள மடிக்கு இந்த ஏற்பாடு வேண்டாம். முடியை மழித்து, ஜெல் தடவி நேராக வைக்கலாம்.

நல்ல காம்பை முதலில் பாருங்கள், நோயுள்ளதைக் கடைசியில். ஒப்பிடவும் வசதி, கிருமியும் பரவாது. காம்புச் சுவர் மூன்று அடுக்காகத் தெரியும்: வெளியே பளிச்சென்று தோல், நடுவே சற்று மங்கலான தடித்த அடுக்கு, உள்ளே மெல்லிய வெள்ளைக் கோடு.

நோயுள்ள பக்கத்தில் பாலின் கறுப்புக்குள் வெள்ளைத் துணுக்குகள் மிதந்தால் பால் திரிந்திருக்கலாம். ஆனால் நல்ல பாலிலும் கொழுப்பால் நுண்புள்ளிகள் தெரியும், உடனே முடிவுகட்டாதீர்கள். ஒரே சீராக இருக்க வேண்டிய மடித்திசு திட்டுத்திட்டாக இருந்தால் அழற்சி. சுற்றிலும் சுவர் கட்டி, நடுவில் சாம்பல் நிறக் குழம்பு போலத் தெரிந்தால் சீழ்க்கட்டி. பளீரென்ற புள்ளிக்குப் பின்னால் அழுக்கு நிழல் (முழுக் கறுப்பாக இல்லாமல் மங்கலான சாம்பல் நிழல்) விழுந்தால் உள்ளே காற்று; முந்தைய நாள் காம்பில் மருந்து ஏற்றினார்களா என்று மாட்டுக்காரரிடம் கேளுங்கள், அதனாலும் காற்று போயிருக்கும்.

எந்தக் கிருமி என்பதைப் படம் சொல்லாது, எடுத்து வைத்த மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் தண்ணீரையும் டம்ளரையும் மாற்றி, ப்ரோப்பைக் கிருமிநாசினியால் துடையுங்கள். ஜெல்லைக் கழுவி, பால் கறந்தபின் காம்பை அயோடின் கரைசலில் முக்கிவிடுங்கள்.