அகல டயருக்கு முன் ரிம்மைப் பாருங்கள்

காரை ரேஸ் ட்ராக்கிலும் ஓட்டலாம் என்று அகலமான டயர் தேடுகிறீர்களா? முதலில் ரிம்மின் அகலத்தைப் பாருங்கள், டயரை அப்புறம் பார்க்கலாம். 7 அங்குல அகல ரிம்முக்கு 225/45 ஆர்17 டயர் (225 மி.மீ. அகலம், 17 அங்குல ரிம் விட்டம்) சரியாக உட்காரும். அதிலேயே 245/40 ஆர்17 மாட்டினால் இரு பக்கச் சுவரும் உள்ளே இழுபட்டு, டயர் பலூன் மாதிரி பிதுங்கி நிற்கும். அதற்குக் குறைந்தது 8 அங்குல ரிம் வேண்டும். பிதுங்கிய டயர் வளைவில் நெளியும், ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு நொடி தாமதித்துத் திரும்புவது போலிருக்கும். கூடுதல் ரப்பருக்குக் கொடுத்த காசு வீண். பொருத்தமான அகலத்தில், ட்ரெட்வேர் எண் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்டுவது) 200 அளவில் உள்ள மென்மையான டயரே பெரும்பாலும் நன்றாகப் பிடிக்கும் என்பது என் கணிப்பு. (அந்த எண்ணைத் தயாரிப்பாளரே போடுகிறார், அதனால் பிராண்டுக்குப் பிராண்டு ஒப்பிட்டு ஏமாற வேண்டாம்.)

ரிம்மையும் சேர்த்து மாற்றுகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு வேறு. அப்போது சஸ்பென்ஷனுக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதுதான் கேள்வி. மழையிலும் கடும் குளிரிலும் தினமும் ஓட்டுபவர்களுக்கு ட்ரெட்வேர் 200 டயரே வேண்டாம்.