மாதா நி பச்சேடி: கற்க வருகிறவர்கள் சொதப்பும் இடங்கள்

அச்சுக்கட்டையைக் கோணலாக வைப்பது, புதுத்துணியில் கஞ்சியை அப்படியே விட்டுவிடுவது இதெல்லாம் ரெண்டு துணி வீணானால் தானாகச் சரியாகிவிடும். நான் சொல்ல வருவது வேறு. அகமதாபாத்தின் மாதா நி பச்சேடியை, அதாவது அம்மன் உருவங்களை அச்சிட்டுச் சாயமேற்றும் வழிபாட்டுத் துணிக் கலையைக் கற்க வருகிறவர்கள், நாங்கள் அந்தக் காலத்தில் சொதப்பிய அதே இடங்களில்தான் இன்றும் சொதப்புகிறார்கள்.

தேங்கின தண்ணீரில் அலசுவது

இதைப் பார்த்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வரும். சிவப்பு வர வேண்டிய இடத்தில் நாம் ஒற்றுவது புளியங்கொட்டைக் கூழில் கலந்த படிகாரம், அவ்வளவுதான். அலிசரின் என்ற சிவப்புச் சாயத்தில் கொதிக்கும்போதுதான் படிகாரம் இருக்கும் இடமெல்லாம் சிவக்கும். நூலில் பிடிக்காத படிகாரம் துணியில் நிறைய மிச்சம் இருக்கும், அது ஓடும் தண்ணீரோடு போய்விட வேண்டும், அதனால்தான் அங்கே சபர்மதியில் இறங்கி அலசினார்கள். என்னிடம் படித்த ஒரு பெண், நன்றாக ஊறட்டும் என்று ராத்திரி முழுக்கத் துணியை டப்பில் போட்டுவிட்டார். காலையில் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. சாயத்தில் இறக்கினதும் அம்மன் முகம், பின்புலம், வெள்ளையாக விட்ட இடமெல்லாம் இளஞ்சிவப்பு. இரும்புத் தண்ணீரால் போட்ட கறுப்புக் கோட்டிலிருந்து கழன்ற இரும்பு வேறு ஓரங்களில் புகை படிந்த மாதிரி. லேசான கறை என்றால் நனைத்து நனைத்து வெயிலில் வெளுக்கலாம், இது போகாது. ஆறு இல்லையா, ஹோஸ் பைப் போதும். மடிப்போடு மடிப்பு ஒட்டாமல் துணியை விரித்துப் பிடித்து, பிசுபிசுப்பு போகும்வரை தண்ணீரை வழிய விடுங்கள். அப்புறம், அச்சிட்ட அன்றே அலச வேண்டாம், சில நாள் காயட்டும்.

இரும்புத் தண்ணீரைக் கூட்டுவது

துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் சேர்ந்து புளித்த தண்ணீர், கடுக்காய் ஏறின துணியில் பட்டதுமே கறுக்கும். இன்னும் கறுக்கட்டும் என்று கூட்டினால், பின்னால் அந்தக் கோடுகள் வழியாகவே துணி இற்றுப்போகும்.

வாகனத்தை மாற்றுவது

ஒவ்வொரு அம்மனுக்கும் ஒரு வாகனம்: கோடியார் முதலை மேல், பகுசரா சேவல் மேல், மேல்டி ஆட்டின் மேல். கோயிலுக்குள் விடப்படாத வாகரி மக்கள் சுற்றிலும் இந்தத் துணியைக் கட்டி, மேலே விதானம் போட்டு, அதையே அம்மன் கோயிலாக்கினார்கள். அழகாக இருக்கிறதே என்று கட்டையை மாற்றி ஒற்றுவது, கருவறைச் சுவரில் ஆள்மாறாட்டம் செய்கிற வேலை.

வெட்டித் தலையணை உறை தைப்பது

பூக்கரையை வேண்டுமானால் வெட்டுங்கள். அம்மனை வேண்டாம்.