போக்கர்ல ப்ரீஃப்ளாப்லயே (நடுவுல பொதுக் கார்டு விரிக்கறதுக்கு முன்னாடியே) ஒருத்தர் ஆல் இன் போனா நாம பண்ற தப்புங்க

ஒன்பது பேர் டேபிள், கையில ரெண்டு கார்டு, ஏஸ் ஜாக் வந்திருக்கு, முதல் சீட்ல ஒரு மணி நேரமா ஃபோல்ட் ஃபோல்ட்னு கார்டைத் தூக்கிப் போட்டுகிட்டு இருந்த மனுஷன் திடீர்னு எல்லா சிப்ஸையும் நடுவுல தள்ளி ஆல் இன்ங்கறாரு. நமக்கு என்ன தோணும், ஏஸ் ஜாக் நல்ல கை தானேன்னு நாமளும் அவ்ளோ சிப்ஸ் போட்டு கால் பண்ணிடுவோம், அவரு ஏஸ் குயினைத் திருப்பிக் காட்டுவாரு. அந்த இடத்துல நமக்கு நாலுல ஒரு தடவைதான் ஜெயம். நான் இதே தப்பை எத்தனை தடவை பண்ணிருப்பேன்னு கணக்கே இல்ல (நல்லவேளை, ஃப்ரெண்ட்ஸோட சும்மா சிப்ஸ் வெச்சு ஆடறதுதான், 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட் சட்டம் போட்டதுக்கப்புறம் நம்ம ஊர்ல ஆன்லைன்ல காசு வெச்சு ஆடற கதையே முடிஞ்சுது).

தப்பு எங்கன்னா, நம்ம கையை மட்டும் பாக்கறோம், அவரு எந்தெந்த கையோட தள்ளுவாருன்னு யோசிக்கறதில்ல. அதே ஏஸ் ஜாக்கோட நாம முதல்ல ஷவ் பண்ணினா (எல்லாத்தையும் தள்ளினா) சில நேரம் ரொம்ப சரி, ஏன்னா எல்லாரும் ஃபோல்ட் பண்ணிட்டா ப்ளைண்ட்ஸ் (ரெண்டு பேர் கார்டு பாக்கறதுக்கு முன்னாடியே கட்டாயமா போடற சிப்ஸ்) நமக்கு, யாராவது கால் பண்ணாலும் நடுவுல விரிக்கற போர்டுல ஜெயிக்க ஒரு சான்ஸ் இருக்கு. கால் பண்றவனுக்கு அந்த முதல் வழியே கிடையாது, கார்டைத் திருப்பி ஜெயிச்சாதான் உண்டு. அதனாலதான் தள்ளறதுக்கு வேண்டிய கையை விட கால் பண்றதுக்கு இன்னும் பெரிய கை வேணும், இதை கேப்னு சொல்வாங்க.

குயின் ஜோடிய எடுத்துக்கோங்க, பாத்தவுடனே மனசு குளிர்ந்துடும். ஆனா எதிர்ல இருக்கறவரு ஏஸ் ஏஸ், கிங் கிங், குயின் குயின், ஏஸ் கிங் இந்த நாலோட மட்டும்தான் தள்ளுவாருன்னு வைங்க. ஏஸ் ஜோடி 6 விதமா வரலாம், கிங் ஜோடி 6, இந்த பன்னெண்டுலயும் நாம பின்னாடி, ஜெயிக்கறது 100க்கு 18 மாதிரிதான். ஏஸ் கிங் 16 விதம், அதுல நாம முன்னாடி, ஆனா அதுவும் 56, 57 அவ்ளோதான். மொத்தமா போட்டா நமக்கு 40 பக்கம்தான் தேறும். இதே குயின் ஜோடி, பட்டன்ல (டீலர் சீட், பின்னாடி ப்ளைண்ட் போட்ட ரெண்டு பேர்தான்) இருந்து கண்டதையும் தள்ளற பையனுக்கு எதிரா யோசிக்காம கால். கை மாறல, ஆளும் சீட்டும்தான் மாறுது.

இதுக்கு நேர் எதிர் தப்பும் இருக்கு, பயந்து பயந்து ஃபோல்ட் பண்றது. ப்ளைண்ட் 500, 1000, ஆன்ட்டி (ப்ளைண்ட் போக இன்னொரு கட்டாய சிப்ஸ்) 1000, பட்டன் 8000 தள்றான், ஸ்மால் ப்ளைண்ட் ஃபோல்ட், நாம பிக் ப்ளைண்ட், 1000 ஏற்கனவே போட்டாச்சு. பாட்ல (நடுவுல சேர்ந்த சிப்ஸ்) ஏற்கனவே 8000 + 500 + 1000 + 1000, அதாவது 10,500 இருக்கு, நாம போட வேண்டியது இன்னும் 7000. கடைசில பாட் 17,500, அதுல நம்ம 7000ன்னா சரியா 40 சதவீதம். 40க்கு மேல ஜெயிக்கற கை இருந்தாலே சிப் கணக்குல லாபம். அவன் நிறைய கையோட தள்ற ஆளுன்னா கிங் 9 கூட அங்க கால்தான், பாக்க அசிங்கமா இருந்தாலும். "பாதிக்கு மேல ஜெயிக்கணும்"னு நினைச்சுட்டு தூக்கிப் போடறவங்க நிறைய பேர்.

ஆனா இந்தக் கணக்கையே ஏற்கனவே காசு போட்டுட்டேனேங்கற மனக்கஷ்டத்தோட குழப்பிக்கக்கூடாது. போட்டது நம்முது இல்ல, அது பாட். இன்னும் எவ்ளோ போடணும், பதிலுக்கு எவ்ளோ கிடைக்கும், கேள்வி அது மட்டும்தான்.

ஒருத்தர் ஆல் இன், இன்னொருத்தர் கால் பண்ணிட்டாரு, மூணாவதா நாம ஏஸ் கிங்கோட உள்ள போறது, இதுவும் அடிக்கடி நடக்கும். ரெண்டாவது ஆளு கையில என்னமோ இருக்கறதாலதான கால் பண்ணாரு, அப்போ நமக்கு வேண்டிய ஏஸும் கிங்கும் அவங்ககிட்டயே மாட்டிருக்க நல்ல வாய்ப்பு. ஏஸ் ஜோடியே கண்ட கையோட வர்ற ஒருத்தருக்கு எதிரா 100க்கு 85, நாலு பேர் கண்ட கையோட உள்ள வந்துட்டா 56க்கு இறங்கிடும் (பாட் பெருசாகறதால அது அப்பவும் லாபம்தான்). நமக்குப் பின்னாடி இன்னும் ஆட வேண்டிய பெரிய ஸ்டாக் (நிறைய சிப்ஸ் வெச்சிருக்கற ஆளு) இருக்காங்கறதையும் பாக்கணும், சின்ன ஷவ்வுக்கு சும்மா கால் பண்ணிட்டு பின்னாடி இருக்கறவன் மேல தள்ளினா மாட்டிக்குவோம். நல்ல கைன்னா நாமளே மேல தள்ளி அவனை வெளியேத்தறது பெட்டர்.

டோர்னமென்ட்னா இன்னொரு விஷயம், அங்க சிப்ஸ் வேற காசு வேற. 2003ல கிறிஸ் மனிமேக்கர் 86 டாலர் ஆன்லைன் சாட்டிலைட்ல (பெரிய போட்டிக்கு டிக்கெட்டைப் பரிசா குடுக்கற சின்ன போட்டி) இருந்து உள்ள வந்து 10,000 டாலர் என்ட்ரி இருக்கற வேர்ல்ட் சீரிஸ் மெயின் இவென்ட்டை ஜெயிச்சு 25 லட்சம் டாலர் வாங்கினாரு இல்லையா, அந்த மாதிரி சாட்டிலைட்ல 10 டிக்கெட், 11 பேர் மிச்சம்னு வைங்க. ரெண்டு பேர் கிட்ட ஒரு ப்ளைண்டுக்குத்தான் சிப் இருக்கு, நம்மகிட்ட நல்ல ஸ்டாக், நம்மள விட பெரியவன் தள்றான், கையில ஏஸ் ஏஸ். ஃபோல்ட்! ஜெயிச்சு டபுள் ஆனாலும் ரெண்டாவது டிக்கெட் குடுக்க மாட்டாங்க, தோத்தா இருந்த ஒண்ணும் போச்சு. முதல் தடவை இதைப் படிச்சப்ப ஏதோ கிண்டல் பண்றாங்கன்னுதான் நினைச்சேன்.

எல்லா கையும் தள்ளி வெறுப்பேத்தறவன் ஒருத்தன் கண்டிப்பா இருப்பான். கோவத்துல குயின் 7ஐ வெச்சுகிட்டு கால் பண்ணாதீங்க, ரெண்டும் ஒரே சின்னமா இல்லன்னா கண்ட கைக்கு எதிரா அது பாதிக்கு மேல கொஞ்சமே கொஞ்சம், 100க்கு 52 கூட வராது. கொஞ்சம் காத்திருந்தா ஏஸ் 10ஓ ஒரு நடுத்தர ஜோடியோ வரும், அப்போ பாத்துக்கலாம்.

அப்புறம் லைவ் டேபிள்ல உக்காந்தா வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி டீலர்கிட்ட எவ்ளோன்னு கவுன்ட் கேளுங்க. கால்னு சொல்லிட்டா சொன்னதுதான். 8000 இருக்கும்னு நினைச்சு சொல்லிட்டு, பின்னால ஒளிஞ்சிருந்த பெரிய சிப்பைச் சேர்த்து எண்ணிப் பாத்தா 28,000ன்னு வரும், அப்ப முழிச்சு பிரயோஜனம் இல்ல.