கரஸில் படிக்கிறவர்களுக்குப் படிப்புக் குழு நடத்துவது எப்படி?

முக்கூடல், ஆலங்குளம், திசையன்விளை பக்கமிருந்து கரஸில், அதாவது அஞ்சல் வழியில், பி.ஏ. தமிழ் படிக்கிறவர்களுக்குப் பாடத்தில் உதவுகிறேன். மனோன்மணீயம் சுந்தரனாரோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ, எதில் சேர்ந்தாலும் புத்தகம் வரும், அவ்வப்போது நேரடி வகுப்பு இருக்கும். மற்ற நாளெல்லாம் அவரவர் பாடு. அந்த நாள்களுக்குத்தான் குழு வேண்டும்.

வாட்ஸ்அப்பில் 1,024 பேரைச் சேர்க்கலாம்தான். ஆனால் இருபது பேரைத் தாண்டினால் நாலு பேர்தான் பேசுவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இன்னொன்று, வாட்ஸ்அப் குழுவில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண்கள் பலர் வாயே திறக்காமல் இருப்பது இதனால்தான். டெலிகிராமில் தனியுரிமை அமைப்புக்குப் போய் எண்ணை மறைத்துக்கொள்ளலாம். பழைய பதிவுகளைப் புதிதாக வருகிறவர்களும் பார்க்கும்படி வைக்கலாம். பரீட்சை நெருங்கும்போது வந்து சேருகிற ஆள்கள் எப்போதும் உண்டே! தேர்வுக் கட்டணம், ஹால் டிக்கெட் மாதிரி அறிவிப்புகளுக்கு மட்டும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கட்டும். அதில் அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டிவிடுங்கள்.

சரி, பாடத்துக்கு வருவோம். முப்பது பக்க பி.டி.எஃப். போட்டால் யாரும் திறக்க மாட்டார்கள். மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றுகிற பெண்ணுக்குக் கை ஒழியாது, காது சும்மாதான் இருக்கிறது. அதனால் பாடத்தைப் பேசிப் போடுங்கள். ஒரு பதிவு ஐந்து நிமிடம், ஒரு கேள்வி, அவ்வளவுதான். குரல் பதிவுக்குள் தேட முடியாது என்பதால், கீழே ‘அலகு 2, ஐந்திணை, கருப்பொருள்’ என்று ஒரு வரி தட்டச்சு செய்துவிடுங்கள்.

அதோடு விட்டால் அது வானொலிதான். அவர்களும் பேச வேண்டும். ஐந்திணை நடத்தும்போது, ‘உங்கள் ஊரில் ஒரு திணையைப் படம் எடுத்து, இரண்டு நிமிடம் பேசிப் போடுங்கள்’ என்றேன். உவரிக் கடற்கரை நெய்தலாக வந்தது, அம்பாசமுத்திரம் வயல் மருதமாக வந்தது. இட்டமொழித் தேரி மணலைப் பாலை என்று ஒரு பெண் போட்டதும், “பாலைக்குன்னு தனி நிலம் கிடையாதேக்கா?” என்று இன்னொருத்தி கேட்டாள். முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்தால் பாலை என்ற சிலப்பதிகாரக் கருத்து வரைக்கும் பேச்சு போனது. இந்த மாதிரி நேரத்தில் நடத்துகிறவர் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது. முந்திக்கொண்டு விடை சொன்னால் பேச்சு அங்கேயே படுத்துவிடும். “வந்துட்டு, போச்சி” என்று நெல்லைப் பேச்சில் சொன்னாலும் திருத்தாதீர்கள்.

எழுத்துத் தமிழுக்கு கூகுள் டாக்ஸ் இருக்கிறது. கேள்விக்கு ஓர் ஆவணம் திறந்து, ஆளுக்கொரு பத்தி கேளுங்கள். தட்டச்சு வராதவர்கள் ஜிபோர்டு என்ற கூகுள் விசைப்பலகையில் தமிழைத் தேர்ந்து, மைக்கை அழுத்திப் பேசினால் எழுத்தாகிவிடும். ‘நற்றிணை’ என்றால் அது என்னத்தையாவது அடித்து வைக்கும், சரிபார்க்கத்தான் வேண்டும். யாராவது கை தவறி எல்லாவற்றையும் அழித்துவிட்டாலும் பதற வேண்டாம், பதிப்பு வரலாற்றில் பழையதை மீட்டுவிடலாம்.

கூகுள் மீட்டில் இலவசக் கணக்குக்கு, மூன்று பேரோ அதற்கு மேலோ கூடினால் ஒரு மணி நேரம்தான். அதைச் சந்தேகம் கேட்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை வணக்கப் பூக்களைத் தடுக்க முடியாது. டெலிகிராமில் தலைப்புகளைப் பிரித்து, ‘அரட்டை’ என்று ஒன்று ஒதுக்கிவிட்டால் பாடம் தப்பிக்கும்.

பரீட்சை பேனாவால்தான். வாரம் ஒரு விடையைத் தாளில் எழுதிப் படமெடுத்துப் போடச் சொல்லி, இரண்டிரண்டு பேராக மாற்றித் திருத்தவிடுங்கள். மதிப்பெண்ணைத் தனிச் செய்தியில் சொல்லட்டும். அப்புறம் அசைன்மென்ட். குழுவாக எழுதிய டாக்ஸை அப்படியே பார்த்து எழுதினால், ஒரே மாதிரி இருபது கட்டுகள் ஒரே ஆசிரியர் மேசைக்குப் போய் நிற்கும். அசைன்மென்ட் எழுதுகிற வாரத்தில் நான் அந்த ஆவணத்தின் பகிர்வையே நிறுத்திவிடுவேன்.