ஜப்பான் போனா செதோ கடல் பாலத்த ரயில்ல தாண்டிட்டு வாங்க, எப்படின்னு சொல்றேன்

மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துல இருந்து ஜப்பானுக்கு வேலைக்கு படிப்புக்குன்னு போற தம்பி தங்கச்சிங்களுக்கு இது. டோக்கியோ, ஒசாகாவோட நிறுத்திடாதீங்க, ஹொன்ஷு தீவையும் ஷிகோகு தீவையும் இணைக்கிற செதோ ஓஹாஷி பாலத்த கண்டிப்பா ரயில்ல தாண்டுங்க, பாம்பன் பாலத்த பாத்து வளந்த நமக்கு அதோட அருமை இன்னும் நல்லா தெரியும்.

ஷின்கான்சென்ல, அதான் புல்லட் ரயில்ல, ஹொன்ஷு பக்கம் இருக்குற ஒகயாமா வந்துருங்க, ஷின் ஒசாகால இருந்து முக்கா மணி நேரந்தான். அங்க எறங்கி ஷிகோகு பக்கம் இருக்குற தகமட்சு போற மரைன் லைனர்ங்கற ரயில புடிக்கணும், பகல்ல அரை மணிக்கு ஒண்ணு மாதிரி இருக்கு, ஒரு மணி நேரத்துக்குள்ள போயிரலாம்.

சீட்டுதான் இதுல முக்கியம். 1ம் நம்பர் பெட்டி மாடிப் பெட்டி, தகமட்சு பக்கம் முன்னாடி இருக்கும், அதுல டிரைவருக்கு பின்னாடியே 4 கிரீன் கார் (முதல் வகுப்பு மாதிரி) சீட் இருக்கு, தண்டவாளம் நேரா தெரியும், காசு கூடத்தான் ஆனா முன்கூட்டியே ரிசர்வ் பண்ணிருங்க. திரும்பி வரும்போது அந்த பெட்டி கடைசில போயிரும், அதனால போறப்பவே உக்காந்துரணும். அதே பெட்டில கீழ் மாடி வேண்டாம், ஜன்னல் பிளாட்பார மட்டத்துக்கு எறங்கிரும். ரிசர்வ் இல்லாத பெட்டின்னா ஜன்னலோரம், சாயங்காலம் போனீங்கன்னா வலது பக்கம், சூரியன் அங்கிட்டுதான் விழும்.

கொஜிமா ஸ்டேஷன்ல டிரைவர் மாறுவாங்க, அப்பவே போன எடுத்து ரெடியா வச்சுக்கங்க, அடுத்து ஒரு டன்னல், இருட்டு முடிஞ்ச உடனே கடல்தான். மேல் தட்டுல 4 வழி ரோடு, ரயில் கீழ் தட்டுல, அதனால ரெண்டு பக்கமும் இரும்புச் சட்டம் சரசரன்னு ஓடும், கடல் அதுக்கு நடுவுல துண்டு துண்டா தெரியும். ஷட்டர் ஸ்பீட கூட்டி வைங்க இல்லாட்டி படத்துல வெறும் சட்டந்தான் இருக்கும். நம்ம பாம்பன்ல தண்ணி கைக்கு எட்டுற மாதிரி இருக்கும், அதனாலதான் 2025ல திறந்த புதுப் பாலத்துலயும் கப்பலுக்காக 72.5 மீட்டர் தூக்குப் பாலம் வச்சிருக்காங்க, செதோல பெரிய கப்பல் போற இடத்துல பாலமே தண்ணிக்கு மேல 65 மீட்டர் உசரம், தூக்குற வேலையே இல்ல. நடுவுல தீவு வரும், ஹிட்சுயிஷி, இவாகுரோ, யோஷிமான்னு, வண்டி நிக்காது, ஆனா கீழ பாருங்க, வீட்டு ஓடு, சின்ன ஜெட்டி, கட்டிப் போட்ட மீன்பிடி படகு எல்லாம் நம்ம காலுக்கு அடியில போகும்.

இந்த பாலம் வந்த கதைய தெரிஞ்சுட்டு போனா நல்லது. 1955ல மூடுபனியில ஷியுன் மாருங்கற ரயில்வே ஃபெரி இன்னொரு கப்பலோட மோதி 168 பேர் செத்தாங்க, டூர் வந்த ஸ்கூல் பிள்ளைங்கதான் நிறைய. அதுக்கப்புறம்தான் பாலம் வேணும்னு ஜனங்க விடாம கேட்டு, 1988 ஏப்ரல் 10ந்தேதி திறந்தாங்க. 1964 புயல்ல தனுஷ்கோடி ரயில பறிகொடுத்த நமக்கு அந்த வலி தெரியும்.

காத்து ஓவரா அடிச்சா செதோ பாலத்துலயும் வண்டிய நிப்பாட்டிருவாங்க, பாம்பன்ல நம்ம பாக்குற அதே சங்கதிதான். ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும் புயல் சீசன், காலையிலயே ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) அறிவிப்ப பாத்துட்டு கிளம்புங்க, அன்னிக்கே ஒகயாமால ஷின்கான்சென் புடிக்கணும்னா கடைசி வண்டிய நம்பாம ரெண்டு வண்டி முன்னாடியே தகமட்சுல ஏறிருங்க, அங்க உடோன் நூடுல்ஸ் சாப்புடுற நேரத்தையும் கணக்குல சேத்துக்கங்க.